குப்புறப் படுத்த தளபதி

கண் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மனுஷனிடம், ஏழு நாளைக்குத் தலையை நிமிர்த்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது கண்ணின் விழித்திரை கிழிந்துபோய், அதை ஒட்டவைத்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டு அனுப்பியிருந்தார்கள். குமிழி மேலே எழும்பிக் கிழிசலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஆள் குப்புறக் கிடக்க வேண்டும். சாப்பாடு குப்புற, தூக்கம் குப்புற, பேச்சும் குப்புற. தலையைத் தூக்கினால் கண் போச்சு. முகம் வைக்க ஓட்டை போட்ட உயரமான கட்டில் ஒன்றை ஆஸ்பத்திரியிலேயே ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஓட்டை வழியாக அவருக்குத் தெரிந்த உலகம் தரையில் மூன்று டைல்ஸ், அவ்வளவுதான்.

இந்த நிலையில் இருக்கிற ஆள் பேசாமல் கிடப்பாரா? கிடக்கவில்லை. அங்கிருந்தபடியே ஒரு கடற்படையை நடத்தக் கிளம்பினார்.

லிஃப்ட்டுகளைப் பரிசோதித்துச் சான்று கொடுப்பது அவர் தொழில். ஆனால் நாலு வருஷமாக, வேலைவிட்டு வந்து கைகால் கழுவியதும் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். பசிபிக் போர் ஆட்டம். பெருங்கடல் முழுக்க அறுகோணக் கட்டங்கள், நூற்றுக்கணக்கில் தீவுகள், அதைவிட அதிகமாகக் கப்பல்கள். நீலப் படைக்கு இவர் தளபதி. இவர் தன் கப்பல்களுக்கு இன்றைய ஆணையை எழுதி அனுப்புவார். எதிர்ப்பக்கம் சிவப்புப் படைக்காரரும் எழுதி அனுப்புவார். இரண்டையும் ஆட்டம் கலந்து, யார் மூழ்கினார் யார் மிதக்கிறார் என்று படம் காட்டும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. போர் முடிய இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்று பெருமையாகச் சொல்வார். இதிலே என்ன பெருமையோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அவர் மனைவிக்கு அந்த ஆட்டத்தில் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகுதான். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுப்பது அவள் வேலை. இருபத்தாறு வண்டி, எழுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். எந்த வண்டி எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு நிற்கும், யாரை ஏற்றும், யார் கையில் ஒப்படைக்கும், எல்லாம் அவள் போடுகிற தாளில்தான் இருக்கும். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளையைக்கூட அவள் தெருவில் விட்டதில்லை. டிரைவர்கள் அவளை 'ரூட் மேடம்' என்பார்கள். அவள் இல்லாதபோது வேறு என்னவோ சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எதிர்ப்பக்கத்துச் சிவப்புத் தளபதி யாரோ ஊர்பேர் தெரியாத ஆள் இல்லை. இவருடைய கூடப்பிறந்த தம்பி. அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

அப்பா தம்பி வீட்டில் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தம்பி மருந்துக்கடைக்காரன், அவன் மனைவிக்கும் வேலை. பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோராவது நாள் அப்பா போய்விட்டார். சாவு வீட்டில், வந்தவர்கள் போனவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "நீதான்டா அப்பாவைக் கொன்னே" என்று அண்ணன் கத்தினார். தம்பி வாயைத் திறக்கவில்லை. அதோடு சரி, போன் இல்லை, போக்குவரத்து இல்லை.

ஆனால் ஒரு விநோதம் நடந்தது. ஒரு பக்கத்திலிருந்து ஏழு நாள் ஆணை வராவிட்டால் ஆட்டம் தானாக மூடிக்கொள்ளும். ஆறாவது நாள் சாயங்காலம் தம்பியின் ஆணை வந்து சேர்ந்தது. கூட ஒரு வரி இல்லை, ஆணை மட்டும். அண்ணன் ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் ஆணையை எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. திரையின் ஓரத்தில் செய்தி எழுத ஒரு பெட்டி உண்டு. மூன்று வருஷமாக அது காலி. முகம் பார்க்க மாட்டார்கள், குரல் கேட்க மாட்டார்கள், தினம் தினம் குண்டு மட்டும் போட்டுக்கொள்வார்கள். என்ன ஜென்மங்களோ!

இப்போது ஆஸ்பத்திரி அலைச்சலிலேயே நாலு நாள் போய்விட்டது. மிச்சம் மூன்று நாள். அதற்குள் ஆணை போகாவிட்டால் அண்ணன் தம்பிக்கு நடுவே இருக்கிற அந்த ஒரே நூலும் அறுந்துவிடும். அதை அவர் வாயால் சொல்வாரா? "தீவைப் பிடிக்கிற நேரத்துல இப்படி ஆயிடுச்சே" என்று தரையைப் பார்த்துப் புலம்பினார். அவர் புலம்பியது தீவுக்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"தம்பிக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"அவனுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. என் மேல ஆணை."

"அப்ப நீங்க சொல்லுங்க, நான் அனுப்புறேன்."

"நீயா?" என்றார் தளபதி. முகம் தெரியாவிட்டாலும் அந்த 'நீயா'வில் எல்லாம் தெரிந்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

போனைத் தரையில் வைத்து அவரே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அந்த ஆட்டம் போனில் ஓடாது. திரை பார்க்கவும் தடை. ஆகவே அவர் படுக்கையறையில் தரையிடம் கத்துவார், அவள் அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் இப்படித்தான் தொடங்கியது.

"வாழைப்பழம் தெரியுதா?"

"இங்க எல்லாம் ஒரே நீலமா இருக்குங்க."

"நீலமா இருக்கிறது கடல்! கீழ வா. கீழ வந்தா வாழைப்பழம், அதுக்குப் பக்கத்துல செருப்பு, கொஞ்சம் தள்ளிப் பொத்தான்."

இவையெல்லாம் அவருடைய மூன்று தீவுகளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர்கள். திரையில் வாயில் நுழையாத வேறு பெயர்கள் இருந்தன. அவருடைய திட்ட நோட்டை எடுத்துப் புரட்டினாள். நாலு மாதம் யோசித்து எழுதிய திட்டம், நூற்றுப் பத்துப் பக்கம். அம்புக்குறிகள், வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள். கையெழுத்தோ, எறும்புக்கூட்டம் மழையில் நனைந்த மாதிரி. ஒரு எழவும் புரியவில்லை. அரை மணி நேரம் கடலிலேயே அலைந்து, ஒரு வழியாகச் செருப்பு வடிவத்தில் ஒரு தீவைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு வியர்த்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன். இப்ப என்ன செய்யணும்?"

"நம்ம துறைமுகத்துல நாற்பத்திரண்டு ஏற்றுக் கப்பல் காலியா நிக்குது. அதுங்க போய் மூணு தீவுலயும் நம்ம சிப்பாய்களை ஏத்தணும். அப்புறம் வடக்கே போய்க் கோட்டையில இறக்கணும். கோட்டைங்கிறது அவனோட தீவு."

"மூணு ஸ்டாப்புல ஏத்தி ஒரு இடத்துல இறக்கணும். இதைச் சொல்றதுக்கா நூத்திப்பத்து பக்கம்?"

"ஒரு வகையில அப்படித்தான்," என்று தளபதி டைல்ஸிடம் முனகினார்.

அந்த 'ஒரு வகையில'தான் எல்லா வினைக்கும் காரணம். அதுவரை தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தவளுக்கு உயிர் வந்துவிட்டது. இது தினம் பார்க்கிற வேலையாயிற்றே! முதலில் தூரத்து ஸ்டாப், அப்புறம் பக்கத்து ஸ்டாப். வாழைப்பழத்தில் மூவாயிரம், செருப்பில் ஆறாயிரம், பொத்தானில் இரண்டாயிரம். மொத்தம் பதினோராயிரம் பேர். கப்பலுக்கு இத்தனை என்று பிரித்துப் போட்டாள்.

"போர்க்கப்பல் பதினெட்டையும் கூடவே அனுப்பு. மறந்துடாதே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பதினெட்டையும் திறந்து பார்த்தாள். 'ஏற்றக்கூடிய ஆட்கள்: 0' என்றது ஒன்று. அடுத்ததும் பூஜ்யம். எல்லாமே பூஜ்யம். எண்ணெயோ, ஏற்றுக் கப்பலைப்போல ஐந்து மடங்கு குடிக்கின்றன. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு ஆளைக்கூட ஏற்றாத வண்டியை ஏற்றின வண்டிக்குப் பின்னால் சும்மா ஓட்டுவதாவது! அவள் ஆபீஸில் எவனாவது இப்படிச் செய்தால் அன்றைக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். மனுஷன் மயக்க மருந்து தெளியாமல் உளறுகிறார் என்று முடிவு கட்டி, பதினெட்டையும் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு ஆணையை அனுப்பினாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு. கஞ்சி ஆறுது, குழாயை வாயில வைங்க."

இரண்டாம் நாள் கப்பல்கள் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏற்றும்போது திரை ஒரு கேள்வி கேட்டது: 'காவலுக்கு எத்தனை பேரை விட்டுச் செல்வது?' அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விட்டுச் செல்வதா? நடுக்கடலில், ஒரு பொட்டுத் தீவில், கூட வந்தவர்கள் எல்லாம் கப்பலேறிப் போனபிறகு அந்த நாலு பேர் தனியாக என்ன செய்வார்கள்? இதற்குப் பதில் சொல்லப் புருஷனைக் கேட்கத் தேவையில்லை. பூஜ்யம் என்று போட்டாள். ஏறியவர்களைக் கூட்டிப் பார்த்தாள், பதினோராயிரம் சரியாக வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள்தான் குழப்பம் பிடித்தது. கப்பல்கள் வடக்கே போகிற வழியில், தம்பியின் விமானந்தாங்கிக் கப்பல்கள் நாலு நின்றிருந்தன. அன்றைய படத்தில் அவற்றிலிருந்து சிவப்பு விமானங்கள் கிளம்பின. ஈக்கூட்டம்போல வந்தன. நாற்பத்திரண்டு கப்பல்களையும் ஒரு சுற்றுச் சுற்றின. திரும்பிப் போய்விட்டன.

"என்ன ஆச்சு? சண்டை நடந்துச்சா?" என்று தளபதி கேட்டார்.

"ஒண்ணும் நடக்கலைங்க."

"நடக்கலையா? விமானம் வந்திருக்குமே?"

"வந்துச்சு. சுத்திப் பார்த்துட்டுப் போயிடுச்சு."

"சுத்திப் பார்க்கிறதுக்கு அவன் என்ன டூரா வந்திருக்கான்? சரியா பாரு!"

சரியாகப் பார்த்தாள். முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, மூன்று தடவை பார்த்தாள். அதே ஈக்கூட்டம், அதே சுற்று, அதே திரும்பல். அவர் அன்று முழுக்க டைல்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். "பொறி வைக்கிறான். எங்கயோ பெருசா வச்சிருக்கான். நம்ம போர்க்கப்பலைப் பார்த்துப் பயந்துட்டானா? சேச்சே, அவன் பயப்படுற ஆளா?" அவர் மனதில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது, திரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது இவள். அந்தப் பதினெட்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எதற்காக அவை தேவைப்படும் என்று அவளுக்கு இலேசாக உறைக்கத் தொடங்கியிருந்தது.

நாலாம் நாள் கப்பல்கள் கோட்டை வாசலில் போய் நின்றன. திரை சிவப்பாக ஒரு எச்சரிக்கை காட்டியது: 'கரையில் நம்மவர் எவரும் இல்லை. எதிரி பீரங்கிகள் உள்ளன. இறக்கலாமா?'

அவள் கை மௌஸின்மேல் அப்படியே நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவள் டிரைவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான விதி இது. இறங்கும் இடத்தில் பிள்ளையை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் இறக்கக் கூடாது. வண்டியிலேயே வைத்துப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. பெற்றவர்கள் போனில் கத்தினாலும் கிடையாது. அந்தப் பக்கத்து அறையில் புருஷன் "இறக்கு! இறக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார். இவள் 'வேண்டாம்' என்பதை அழுத்திக் கப்பல்களைத் திருப்பிவிட்டாள். இது சும்மா ஆட்டம், பொம்மைச் சிப்பாய்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விரல் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவருக்குத் தாங்கவில்லை.

"கோட்டையில இறங்கி எத்தனை பேர் செத்தாங்க?"

"ஒருத்தரும் சாகலைங்க."

"ஒருத்தர்கூடவா? பீரங்கி இருக்குமே! போர்க்கப்பல் எல்லாத்தையும் அடிச்சு நொறுக்கிடுச்சா?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவருக்கு அவள் முழங்கால் மட்டும் தெரிந்தது.

"ஏங்க, கோபப்படக் கூடாது. போர்க்கப்பல் எல்லாம் துறைமுகத்துலதான் நிக்குது. நான் அனுப்பல. ஆளே ஏத்தாத வண்டியாச்சேன்னு விட்டுட்டேன்."

ஒன்றைச் சொன்னதும் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

"தீவுலயும் யாரையும் விடல. எல்லாரையும் ஏத்திட்டேன். அப்புறம் கோட்டையில இறக்கவும் இல்ல. வாங்கிக்க ஆளே இல்லைங்க அங்க. அதான், திரும்பி வந்துக்கிட்டிருக்காங்க."

தளபதியின் முதுகு மேலும் கீழும் ஏறி இறங்கியது. கத்துவார் என்று பார்த்தாள். ஆனால் குரல் காற்று போன மாதிரி வந்தது. "காவலே இல்லாம, பதினோராயிரம் பேரை, அவன் விமானத்துக்கு முன்னால அனுப்பியிருக்கே. ரெண்டு நாள். ஒண்ணைக்கூட மிச்சம் வச்சிருக்க மாட்டானே."

"எல்லாம் இருக்குங்க."

"எத்தனை?"

"நாற்பத்திரண்டு. தினமும் எண்ணுறேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனால் அவள்மேல் இல்லை. "பாவம் பார்த்திருக்கான். எனக்கு! அவன் பாவம் பார்த்து விட்டதுல நான் பொழைச்சிருக்கேன். இவ்வளவு நாள் கழிச்சு எனக்குப் பிச்சை போடுறானா? போ. போய், ஆணைப் பக்கத்துல கடைசியில 'சரணடை'ன்னு ஒண்ணு இருக்கும். அமுக்கிட்டு வா. முடிச்சுக்கலாம்."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. "என்னத்தை முடிக்கிறது? இது ஒண்ணுதாங்க உங்க ரெண்டு பேருக்கும் மிச்சம் இருக்கு. நீங்க தினம் அந்த ரூம்ல போய் உட்கார்றது கப்பல் பார்க்கவா? தம்பி இருக்கானான்னு பார்க்கத்தானே? எனக்குத் தெரியாதா?"

"நீ அமுக்குறியா, இல்ல நான் எழுந்து போய் அமுக்கட்டுமா?"

சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றினார். தலை ஒரு அங்குலம் மேலே வந்தது. அவள் பதறிப்போய்ப் பிடரியில் கைவைத்து அழுத்தினாள். "போறேன்! போறேன்! படுங்க, புண்ணியமாப் போகும்!"

கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. 'சரணடை' அங்கேதான் இருந்தது, சின்னதாக, சாம்பல் நிறத்தில். அம்பை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். அப்போதுதான் ஓரத்துப் பெட்டியைக் கவனித்தாள். மூன்று வருஷமாகக் காலியாக இருந்த பெட்டியில் 1 என்று ஒரு எண். திறந்தாள்.

'அண்ணனுக்கு என்ன ஆச்சு?'

அவ்வளவுதான் இருந்தது. அவள் அதை நாலைந்து தடவை படித்தாள். ஒரு வார்த்தை தெரியக் கூடாது, என் மேல் ஆணை என்று சொல்லியிருக்கிறாரே. சொன்னால் இந்த மனுஷன் மானம் போய்விட்டதென்று குதிப்பார். குதித்தால் கண் போகும். சொல்லாவிட்டால் இந்தக் கேள்வி இப்படியே கிடக்கும்; இனி ஒன்று வராது. எது சரி, எது தப்பு என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியாமலேயே தட்டினாள்: 'கண் ஆபரேஷன். குப்புறப் படுத்திருக்கார். வாங்க தம்பி.'

"அமுக்கிட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"ஆச்சு," என்றாள். தம்பிக்கு அனுப்பியது போய்விட்டது. 'சரணடை'யை அவள் தொடவில்லை. வாழ்க்கையில் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை. மறுநாள் காலையில், "அவன் பார்த்திருப்பான் இல்ல?" என்று கேட்டார். கொஞ்சம் கழித்து, "ஒண்ணும் எழுதல இல்ல?" என்று கேட்டார். ஆட்டத்தை முடிக்கச் சொன்ன வாய்தானே அது! அவளுக்கு எரிச்சலும் இரக்கமும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் போனாள், இரண்டு முறையும் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் கொழுந்தன் நிற்கிறான். ஆறு மணி நேர ரயில் பயணத்தில் சட்டை கசங்கியிருந்தது. தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு நரைக்குமா?

"அண்ணன் எங்க, அண்ணி?"

அவள் கையைக் காட்டினாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றவன் நின்றபடியே நின்றான்.

"யாரு அது?" என்றார் அண்ணன். அவருக்குத் தெரிந்தது இரண்டு பாதம். "யாரும்மா வந்திருக்கிறது? டாக்டரா?"

தம்பி தரையில் உட்கார்ந்தான். அப்புறம் மல்லாந்து படுத்தான். வண்டிக்கு அடியில் மெக்கானிக் நுழைவதுபோல முதுகாலேயே நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போனான். அவன் முகம் ஓட்டைக்கு நேர் கீழே வந்து நின்றது. அண்ணன் முகத்துக்கும் தம்பி முகத்துக்கும் நடுவே ஒன்றரை அடி.

அண்ணனுடைய நல்ல கண் இரண்டு மூன்று முறை கொட்டியது. என்ன பேசுவதென்று தெரியாத மனுஷன் கடைசியில் கேட்டதைப் பாருங்கள்.

"ஏன்டா சுடல?"

"எப்படிண்ணே சுடுறது? காவலுக்கு ஒரு கப்பல் இல்ல. தீவுல ஒரு ஆளை விடல. கோட்டை வரைக்கும் வந்துட்டு இறக்காம திரும்பிப் போகுது. முதல்ல ஏதோ பொறின்னு நினைச்சேன். எனக்கு ஒண்ணுமே ஓடல. அப்புறம் பார்த்தா, ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு, தலையை எண்ணி எண்ணி ஏத்திக்கிட்டுப் போகுது. அண்ணிதான்னு புரிஞ்சுது. அண்ணி உட்கார்ந்திருக்காங்கன்னா நீ உட்கார முடியலைன்னு அர்த்தம். பயந்துட்டேண்ணே."

"அதுக்காக? பதினோராயிரம் பேருடா!"

"அண்ணி ஓட்டுற வண்டி மேல யாராவது குண்டு போடுவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் அவருடைய தோளும் குலுங்கியது. "ஆட்டாதீங்க! தலையை ஆட்டாதீங்க!" என்று சிரித்துக்கொண்டே அதட்டினாள். சிரிப்பு அடங்கியது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புடா," என்றார் அண்ணன்.

"தப்பில்லண்ணே. நீ சொன்னதையேதான் மூணு வருஷமா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன். கடையில மருந்து எடுக்கும்போது, சாப்பிடும்போது, எப்பவும். நான்தான் அப்பாவைக் கொன்னேன்னு."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தம்பி கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். அந்த வார்த்தை அவனுக்குள் போய் உட்கார்ந்து மூன்று வருஷமாக அவனைத் தின்றுகொண்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முகம் கோணியது. திருப்பிக்கொள்ளப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்புவது?

"இல்லடா. இல்ல. கேளு. அந்தப் பதினோரு நாள்ல அப்பா எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போப்பான்னாரு. ஞாயித்துக்கிழமை வர்றேன்னேன். போகல. அடுத்த ஞாயிறு வர்றேன்னேன். லிஃப்ட்டு, வேலை, அது இதுன்னு... போகலடா நான். போகாதவன் நான். அதை மறைக்கத்தான் அன்னைக்கு உன் மேல தூக்கிப் போட்டேன். இவகிட்டகூடச் சொன்னதில்ல."

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாது.

தம்பி மல்லாந்தபடியே அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்ணே," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ வர்றேன்னு சொன்னது. அப்பா சொன்னாரு. ஞாயித்துக்கிழமை பெரியவன் வர்றான்னு இல்லத்துல இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு. காலையிலேயே முகச்சவரம் பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு."

அண்ணனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சாக இல்லை. கட்டிலின் ஓரமாக அவர் கை கீழே தொங்கித் துழாவி, தம்பியின் காதைத் தொட்டு, மூக்கைத் தொட்டு, கன்னத்தில் போய் நின்றது.

"தெரிஞ்சுமாடா? அன்னைக்கு நான் உன்னைச் சொன்னப்ப உனக்கு இது தெரியுமா? தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா நீ?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிண்ணே சொல்லுவேன்?" என்றான் தம்பி.

அண்ணனால் நிமிரவும் முடியவில்லை, முகத்தை மறைத்துக்கொள்ளவும் முடியவில்லை. தம்பியைப் பார்த்தபடியேதான் அழ வேண்டியிருந்தது.